மீனுக்கும் குளிரும், அம்மா!

இந்த வாரத் தபாலில் குன்னூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பத்து வருஷம் சென்னை வாசம். கணவருக்கு மாற்றலாகி, கார்த்திகை பிறந்ததும் குடும்பம் மலையேறியிருக்கிறது. சாமான்களோடு சாமானாக நாலு மீன் தொட்டிகளும் ஏறியிருக்கின்றன!

"ராத்திரியில் எங்களுக்கே இரண்டு கம்பளி போதவில்லை. சென்னையில் ஹீட்டருக்கு அவ்வளவாக வேலையில்லாததால் ஒன்றே ஒன்றுதான் வாங்கி வைத்திருந்தோம். 100 வாட். அதை ஏஞ்சல் மீன் தொட்டியில் போட்டிருக்கிறேன். மற்ற மூன்று தொட்டிகளிலும் காலையில் பார்த்தால் 17 டிகிரி காட்டுகிறது. கப்பி மீன்கள் எல்லாம் அடியில் ஒதுங்கி நிற்கின்றன. புது ஹீட்டர் தபாலில் வர ஒரு வாரமாகுமாம். எந்த மீனைக் காப்பாற்றுவது, எதை விடுவது? சின்னவள் ஒவ்வொரு மீனுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?"

எதையும் விட வேண்டாம், அம்மா. ஒரு ஹீட்டரை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தள்ளிவிடலாம். குன்னூரில் மட்டும் அல்ல, ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, பெங்களூர் என்று குளிர் தட்டும் ஊர்களில் மீன் வளர்க்கிற வீட்டுக்கெல்லாம் இது உதவும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கும். அந்த நடுக்கத்திலேயே கொஞ்சம் சூடு பிறக்கும். மீனுக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீர் என்ன உஷ்ணமோ, அதன் உடம்பும் கிட்டத்தட்ட அதே உஷ்ணம். தண்ணீர் குளிர்ந்தால் அதன் மூச்சு, ஜீரணம், நோயை எதிர்க்கும் சக்தி எல்லாமே மந்தமாகிவிடும். தின்றது வயிற்றில் கிடக்கும். துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு மூலையில் நிற்கும். கப்பி, மோலி வகைகள் நின்ற இடத்திலேயே நின்றபடி உடம்பை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ நடனம் போல இருக்கும். நடனமல்ல, உடம்புக்கு ஆகவில்லை என்று அர்த்தம்.

சென்னையில் மார்கழிக் குளிர் என்று நாம் மப்ளர் கட்டிக்கொள்கிறோமே, அப்போதுகூட வீட்டுக்குள் இருக்கும் தொட்டி 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கொளத்தூர்க் கடைகளில் வாங்கிய மீன்கள் அந்த வெதுவெதுப்பிலேயே பிறந்து வளர்ந்தவை. குன்னூரோ கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,850 மீட்டர். ராத்திரியில் வெளியே 10 டிகிரிக்குக் கீழே போவது அங்கே சகஜம். பட்டணத்து மீனுக்கு இது புது உலகம்.

ஆனால் எல்லா மீனும் ஒரே ஜாதி அல்ல. இங்கேதான் உங்களுக்கு முதல் ஆறுதல். தங்கமீன் தொட்டியை அப்படியே விட்டுவிடுங்கள். சீனாவில் கெண்டை இனத்திலிருந்து வளர்த்தெடுத்த மீன் அது. பனி விழும் ஊர்களில்கூடத் திறந்த குளத்தில் இருக்கும். 17 டிகிரியில் அதற்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் சென்னை வெயிலில் பட்ட பாட்டுக்கு இப்போதுதான் அது நிம்மதியாக இருக்கும். தீனியை மட்டும் குறையுங்கள்.

ஐரோப்பாவில் வீட்டுத் தொட்டிகளுக்கு வந்த வெப்பநாட்டு மீன்களின் கதையே இப்படித்தான் ஆரம்பித்தது. 1869-ல் பாரிஸில் கார்போனியே என்பவர் சீனாவிலிருந்து வந்த 'பாரடைஸ்' மீனை வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தார். அது குளிரைத் தாங்கும் மீன். மின்சார ஹீட்டர் இல்லாத அந்தக் காலத்தில் அது பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு வந்த நோஞ்சான் மீன்களுக்காகத் தொட்டியின் அடியில் விளக்கை ஏற்றிவைத்துச் சூடு காட்டினார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

தங்கமீன் போக உங்களிடம் பாக்கி இருப்பது ஏஞ்சல், நியான் டெட்ரா, கப்பி, மோலி, தனியாகக் கிண்ணத்தில் இருக்கும் ஃபைட்டர். இவற்றில் குளிர் ஆகவே ஆகாதது ஃபைட்டரும் ஏஞ்சலும். 24 டிகிரிக்குக் குறைந்தால் இரண்டுக்கும் பிடிக்காது. மோலியும் ஏறக்குறைய அப்படித்தான். நியானும் கப்பியும் 20 டிகிரி வரை பொறுத்துக்கொள்ளும். 17 டிகிரி எல்லோருக்குமே அதிகக் குளிர். ஆகவே ஐந்து வகையும் ஒரு வாரத்துக்கு ஒரே தொட்டியில் குடித்தனம் நடத்த வேண்டியதுதான். கூட்டுக் குடும்பம்!

இரண்டடித் தொட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். கல், மணல் போக 50 லிட்டர் தண்ணீர் இருக்கும். 100 வாட் ஹீட்டர் 50 லிட்டரை மணிக்கு ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் ஏற்றும். அதாவது சூடு வெளியே போகாமல் இருந்தால்! போகத்தான் போகிறது. அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பதுதான் இல்லத்தரசியின் சாமர்த்தியம்.

சூடு அதிகமாகக் களவு போவது எந்த வழியில் என்று நினைக்கிறீர்கள்? கண்ணாடி வழியாக மட்டும் அல்ல. மேலே திறந்திருக்கும் தண்ணீர்ப் பரப்பு வழியாக. ஆவியாகப் போகும் ஒவ்வொரு சொட்டும் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. டவராவில் ஆற்றிய காபி எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது, மூடிவைத்த காபி எவ்வளவு நேரம் சூடாக இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததா? ஆகவே முதல் வேலை, மேலே கண்ணாடி மூடி. மூடி இல்லாவிட்டால், சாமான் கட்டி வந்த குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளை விரித்து, ஒரு மூலையில் இரண்டு விரல் அகலம் காற்றுக்கு விடுங்கள். இந்த ஒரு காரியத்திலேயே பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்தது தெர்மோகோல். டி.வி., மிக்ஸி வந்த பெட்டிகளில் இருப்பதை எறியாமல் பரணில் போட்டு வைத்திருப்பீர்கள். (அதற்காக வீட்டுக்காரரிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள்.) அதை வெட்டிப் பின்புறமும் இரண்டு பக்கமும் ஒட்டிவிடுங்கள். முன்பக்கம் பகலில் திறந்திருக்கட்டும். ராத்திரி பழைய கம்பளியைத் தொங்கவிட்டு மூடுங்கள். கம்பளியின் நுனி தண்ணீரைத் தொடக் கூடாது. தொட்டால் திரி எண்ணெயை இழுப்பது போல விடிவதற்குள் தண்ணீரை இழுத்துத் தரையில் கொட்டிவிடும். காற்று மோட்டாரின் மேலும் பிளக்கின் மேலும் துணி படக் கூடாது. அவை சூடாகும் சாமான்கள்.

தொட்டி ஜன்னலோரம் இருந்தால் அந்த இடம் ஆகாது. நிறைந்த தொட்டியை நகர்த்தாதீர்கள். 50 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 50 கிலோ, கண்ணாடி விரிசல் விட்டுவிடும். முக்கால்வாசித் தண்ணீரைச் சுத்தமான வாளிகளில் இறைத்து வைத்து, இரண்டு பேராக நகர்த்தி, அதே தண்ணீரைத் திரும்ப ஊற்றுங்கள். ஹீட்டரை முன்னதாகவே நிறுத்தி, ஒரு கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். எங்கே வைப்பது? நீங்கள் எல்லோரும் படுக்கும் அறையில். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் உடம்பிலிருந்து 80, 100 வாட் பல்பு அளவுக்குச் சூடு வெளியே வருகிறது. நாலு பேர் தூங்கும் சின்ன அறை என்றால் கணக்குப் பாருங்கள்! அடுக்களை வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று அங்கே கொண்டுபோக வேண்டாம். தாளிக்கிற எண்ணெய்ப் புகை தண்ணீரின் மேல் படலமாகப் படியும்.

இனி மீன்களை மாற்றுகிற காரியம். இதில்தான் அவசரம் கூடாது. 17 டிகிரியில் இருந்த கப்பியை எடுத்து நேராக 24 டிகிரியில் போட்டால், குளிரில் பிழைத்தது சூட்டில் போய்விடும். ஹீட்டரை ஒரு வாரத்துக்கு 22-ல் வையுங்கள். ஏஞ்சல் கொஞ்சம் முகம் சுளிக்கும்; ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு வாளியில் கப்பித் தொட்டித் தண்ணீரையே 10 லிட்டர் எடுத்து, கப்பியையும் மோலியையும் அதில் விடுங்கள். ஃபைட்டர் தனிக்கட்டை, மற்றவர்களோடு ஒத்துப்போகாது. அதை அதன் தண்ணீரோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, பாட்டிலை அதே வாளிக்குள் நிறுத்துங்கள். இப்போது அரை லிட்டர் பாட்டில் ஒன்றில் 60 டிகிரி வெந்நீரை நிரப்பி, இறுக மூடி, வாளியில் மிதக்கவிடுங்கள். வாளித் தண்ணீர் சுமார் இரண்டு டிகிரி ஏறும். ஒரு மணி நேரம் பொறுத்து இன்னொரு பாட்டில். அப்புறம் மீன்களைப் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். வாளித் தண்ணீரில் தொட்டித் தண்ணீரைக் கிண்ணம் கிண்ணமாகக் கலந்துவிட்டு, வலையில் எடுத்து விடுவது நல்லது.

60 டிகிரி என்று எப்படித் தெரியும்? கொதித்த தண்ணீர் ஒரு பங்கும் குன்னூர்க் குழாய்த் தண்ணீர் ஒரு பங்கும் கலந்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் பாட்டில் கோணிக்கொள்ளும். கண்ணாடி பாட்டில் வெடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவிய பாட்டிலும் உதவாது. சோப்பு மீனுக்கு விஷம்.

ஏஞ்சல் இருக்கும் தொட்டியில் கப்பியை விட்டால் வாலைக் கடிக்குமே என்று கேட்பீர்கள். கடிக்கும். ஆகவே மளிகைக் கடையில் பூண்டு வருகிற பிளாஸ்டிக் வலையையோ, ஜன்னல் கொசுவலைத் துண்டையோ சட்டம் போலக் கட்டித் தொட்டியின் நடுவில் தடுப்பாக நிறுத்துங்கள். அந்தப் பக்கம் ஏஞ்சல், இந்தப் பக்கம் மற்றவர்கள். தண்ணீர் வலையில் புகுந்து போகுமாதலால் சூடு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும். ஃபைட்டர் இருக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுத்து மட்டும் மேலே தெரியும்படி தொட்டியின் ஓரத்தில் கயிறு போட்டுக் கட்டுங்கள். ஃபைட்டர் மேலே வந்து காற்றையும் குடிக்கிற ஜாதி. மேற்காற்று சில்லென்று இருந்தால் அதற்கு ஆகாது. தொட்டி மூடி அதற்கும் சேர்த்து மேலே இருக்கட்டும். பாட்டில் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைத் தினமும் எடுத்துவிட்டுத் தொட்டித் தண்ணீரை ஊற்றுங்கள்.

கூட்டம் சேர்ந்தால் அசுத்தமும் சேரும். தொட்டியின் அழுக்கைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்கள் இருக்கின்றனவே, அவையும் குளிரில் மந்தப்பட்டுப்போகும். ஆகவே கப்பித் தொட்டியின் ஸ்பாஞ்சு வடிகட்டியையும் கழுவாமல் அப்படியே இங்கே கொண்டுவந்து போடுங்கள். குடி வருகிறவர்கள் தங்கள் வேலைக்காரியையும் கூட்டி வருகிற மாதிரி! தீனி வழக்கத்தில் பாதி போதும். ஒரு நாள் போடாவிட்டாலும் பாதகமில்லை. நல்ல ஆரோக்கியமான பெரிய மீன் ஒரு வாரம் பட்டினி கிடக்கும். குளிரால் செத்ததைவிடக் குளிர்காலத்தில் போட்ட தீனியால் செத்த மீன்கள் அதிகம் என்பது என் அபிப்பிராயம். "ஐயோ, வாடியிருக்கிறதே" என்று இரண்டு சிட்டிகை கூடப் போடுவது தாயன்புதான். ஆனால் மீன் அதைத் தின்னாது, தண்ணீர்தான் கெடும்.

தினம் 5 லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் வைத்து, அதில் கொஞ்சம் வெந்நீர் கலந்து, தெர்மாமீட்டரில் தொட்டியின் உஷ்ணத்துக்குச் சரியாக வந்த பிறகே ஊற்ற வேண்டும். கையை விட்டுப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். குளிர்ந்த கைக்கு எல்லாத் தண்ணீரும் சூடுதான்.

மலைப் பிரதேசமாயிற்றே, காற்றும் மழையும் வந்தால் மின்சாரம் போகும். போனால் பதறாதீர்கள். கம்பளியை நாலு பக்கமும் மூடிவிடுங்கள். 50 லிட்டர் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் ஆறிவிடாது. ஒரு பிரளயமும் வந்துவிடாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் இரண்டு லிட்டர் வெந்நீர் பாட்டிலை மிதக்கவிடுங்கள். தொட்டியில் ஒன்றரை டிகிரி ஏறும். பாட்டில் இறங்கினால் தண்ணீர் மட்டம் உயரும், ஆகவே முதலில் இரண்டு செம்பு தண்ணீரை எடுத்துவிடுவது உத்தமம். பாட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வைத்தால் இந்த மாதிரி வேளையில் கை கொடுக்கும். அது இல்லாவிட்டால் அரை மணிக்கு ஒரு தரம் ஒரு கிண்ணம் தண்ணீரை மொண்டு அரையடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். குளிர்ந்த தண்ணீரில் பிராணவாயு அதிகம் தங்கும். 30 டிகிரியில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் என்றால் 20 டிகிரியில் ஒன்பது. அந்த வரைக்கும் குளிர் நமக்குச் செய்யும் உபகாரம் அது.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் டெக்ஸாஸ் பக்கம் பெரிய பனிப்புயல் அடித்து, லட்சக்கணக்கான வீடுகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் போயிற்று. அப்போது கடலில் விறைத்து மிதந்த ஆமைகளை ஆயிரக்கணக்கில் ஜனங்கள் படகிலும் காரிலும் வாரிக்கொண்டு வந்து, சௌத் பாட்ரே தீவில் ஒரு மாநாட்டு மண்டபத்தில் வரிசையாகத் தரையில் கிடத்தினார்கள். வெந்நீரில் முக்கவில்லை. மெள்ள மெள்ள உடம்பு தேறவிட்டு, பிறகு கடலில் விட்டார்கள். ஆமைக்கும் மீனுக்கும் இந்த விஷயத்தில் ஒரே சட்டம்தான். தொட்டி ராத்திரியில் 18-க்கு இறங்கிவிட்டது என்று காலையில் கண்டால், மணிக்கு ஒரு டிகிரி, அதிகம் போனால் இரண்டு டிகிரி. அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து தொட்டியில் கொட்டுவது கூடவே கூடாது.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன். வாளியில் வெந்நீர் போடுகிற மின்சார ராடை மீன் தொட்டியில் வைக்கலாமா என்று இதற்கு முன் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். அது 1,000 வாட்டுக்குக் குறையாத சாமான்; ஐந்து நிமிஷத்தில் மீன் குழம்பு தயாராகும், அதற்குள் யாராவது கையை விட்டால் அதைவிடப் பெரிய விபரீதம். மீன் ஹீட்டராக இருந்தாலும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை நனைக்க வேண்டும். ஒயர் பிளக்கை விடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கி மேலே ஏறட்டும். சொட்டுகிற தண்ணீர் வளைவில் விழுந்துவிடும், பிளக்குக்குள் போகாது.

இன்னொன்று. அறை சூடாக வேண்டுமே என்று கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். கரி புகையாமல் கனன்றாலும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். மலை ஊர்களில் குளிர்காலத்தில் இப்படிப்பட்ட துக்கச் செய்தி வருவதுண்டு. மீனைக் காப்பாற்றப் போய்க் குழந்தைகளைப் பறிகொடுக்கிற பேச்சே வேண்டாம். மீன் போனால் வேறு மீன் வாங்கலாம் என்று அந்த இடத்தில் மட்டும் நான் கூசாமல் சொல்லுவேன்.

மின்சாரச் செலவைப் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். 100 வாட் ஹீட்டர் நாள் பூராவும் நிற்காமல் எரிந்தாலே 2.4 யூனிட்தான். கம்பளியும் தெர்மோகோலும் போட்டால் அது அணைந்து அணைந்துதான் எரியும். அந்தக் காலத்தில் தொட்டி மூடியில் வைத்த 40 வாட் குண்டு பல்பே கொஞ்சம் சூடு கொடுத்தது. இப்போதைய எல்.இ.டி. விளக்குகளில் அந்தப் பலன் கிடையாது. விளக்கை எரியவிட்டால் தொட்டி சூடாகும் என்று எண்ண வேண்டாம்.

ஒரு வாரத்துக்குள் எந்த மீனின் உடம்பிலாவது உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் தென்படலாம். குளிர் பட்ட மீனைத் தேடி வருகிற வெண்புள்ளி நோய் அது. ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் பரவும். கண்டதும் மீன் கடையில் அதற்கென்று உள்ள மருந்தை வாங்கி, சீட்டில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் போடாமல் கொடுங்கள். வருவதற்கு முன்னாலேயே மருந்து ஊற்றுவது வேண்டாத வேலை.

சின்னவளுக்கு என்ன பதில் என்று கேட்டீர்களே. தெர்மாமீட்டரை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு பழைய நோட்டில் காலை, மாலை, படுக்கப் போகும் முன் என்று மூன்று வேளையும் டிகிரியை எழுதிவைக்கட்டும். மீன்களின் பெயரையும் எழுதி, யார் யார் தின்றார்கள், யார் மூலையில் நின்றார்கள் என்று குறிக்கட்டும். பெரியவர்கள் கவனிக்கத் தவறுகிறதை அந்த வயசுக் கண் பிடித்துவிடும். எல்லாம் செய்தும் ஒன்றிரண்டு போகக்கூடும். நாலு நாளாக 17 டிகிரியில் நின்றவை அல்லவா? அப்படிப் போனால் ராத்திரியோடு ராத்திரியாக அதேபோல் ஒன்றை வாங்கிப் போட்டு ஏமாற்றாதீர்கள். பெயர் வைத்தவளுக்கு அடையாளம் தெரியும்.

புது ஹீட்டர்கள் வந்ததும் அவசரப்பட்டு அன்றைக்கே குடித்தனத்தைப் பிரிக்க வேண்டாம். கப்பித் தொட்டியில் ஹீட்டரை இறக்கி, அரை மணி சும்மா தண்ணீரில் ஊறவிட்டு, பிறகு சுவிட்சைப் போடுங்கள். ஒரு நாள் முழுக்க ஓடி 22-ல் நிலையாக நிற்கிறதா என்று சின்னவளின் நோட்டைப் பார்த்துவிட்டு, ஸ்பாஞ்சு வடிகட்டியோடு கப்பியையும் மோலியையும் அனுப்புங்கள். அப்புறம் தினம் ஒரு டிகிரியாக இரண்டு தொட்டிகளையும் 24-க்கு ஏற்றலாம். ஃபைட்டருக்குக் கிண்ணம் வேண்டாம். அவ்வளவு குறைந்த தண்ணீர் மலைக் குளிரில் அரை மணியில் ஆறிவிடும். ஹார்லிக்ஸ் பாட்டிலிலேயே, ஏஞ்சல் வீட்டு ஓரத்திலேயே, மாசி பிறக்கும் வரை இருக்கட்டும்.